பைல் இருந்தது, உள்ளே ஒன்றும் இருக்கவில்லை



நீண்ட பதிவுதான். நிலாவெளி, இக்பால் நகர், இறக்கக்கண்டிப் பக்கத்துப் பெற்றோர் கொஞ்சம் நேரம் எடுத்து முழுவதையும் வாசியுங்கள்.

கடந்த ஒரு மாதமாக, "பிள்ளைகளின் பழைய தேர்ச்சி அறிக்கைகளைக் கொண்டுவந்து காட்டுங்கள்" என்று பிள்ளைகளிடம் சொல்லி அனுப்பிக்கொண்டிருக்கிறோம். ஜும்ஆ முடிந்து வெளியே வந்தாலும் கேள்வி, மீன் வாங்கப் போனாலும் கேள்வி. "எல்லாம் கம்பியூட்டருக்குள்ள இரிக்கி எண்டுதானே சேர் சொன்னீங்க? இப்ப ஏன் எங்களுட்டக் கேக்குறீங்க?"

நியாயமான கேள்வி. பதில் சொல்ல வேண்டியவர்கள் நாங்கள் மூன்று ஆசிரியர்கள். புள்ளிகளைக் கணினிக்கு மாற்றியதும் நாங்கள்தான், தொலைத்ததும் நாங்கள்தான். என்ன நடந்தது என்பதை மறைக்காமல் எழுதுகிறோம்.

பல்கலைக்கழகத்தில் படிக்கும் எங்கள் பழைய மாணவர் ஒருவர், சில வருடங்களுக்கு முன் விடுமுறையில் வந்தபோது பைதன் மொழியில் ஒரு சின்ன மென்பொருள் எழுதித் தந்தார். தவணைப் பரீட்சைப் புள்ளிகளை அதில் அடித்தால் மொத்தம், சராசரி, நிலை எல்லாம் தானாக வரும். அறிக்கையை அச்சிட்டு எடுக்கலாம். புள்ளிகள் மைஎஸ்கியூஎல் என்ற தரவுத்தளத்துக்குள் சேரும். தவணை முடிவில் இரவிரவாகக் கூட்டிக் கழித்து, கண் எரிய அறிக்கை எழுதிய எங்களுக்கு அது பெரிய விடுதலை. "இனிக் கொப்பி தேவையில்லை" என்று மற்ற ஆசிரியர்களிடமும் சொன்னோம். அந்த வார்த்தையை நினைத்தால் இப்போதும் வெட்கமாக இருக்கிறது.

அந்த மென்பொருளில் 'பிரதி எடு' என்று ஒரு பட்டன் இருந்தது. அது எப்படி வேலை செய்தது என்று சொன்னால்தான் மற்றது விளங்கும்.

மைஎஸ்கியூஎல்லுடன் 'மைஎஸ்கியூஎல் டம்ப்' என்று ஒரு சின்னப் புரோகிராமும் வரும். படம், பட்டன் ஒன்றும் இல்லாதது. கறுப்புத் திரையில் கட்டளையாக அடித்துத்தான் ஓடவைக்க வேண்டும். ஓடவைத்தால் தரவுத்தளத்தில் இருக்கும் எல்லாவற்றையும் வரி வரியாகத் திரையில் கொட்டும். கட்டளையின் கடைசியில் > என்ற குறியும் ஒரு பைலின் பெயரும் போட்டால், திரையில் விழ வேண்டியது அந்தப் பைலுக்குள் விழும். எங்கள் மென்பொருளும் இதையே செய்தது. பட்டனை அமத்தினால் பின்னால் டம்பைக் கூப்பிடும். அது கொட்டுவதை அன்றைய திகதி போட்ட ஒரு பைலில் பிடித்துப் பென் டிரைவில் வைக்கும். பிறகு "பிரதி எடுக்கப்பட்டது" என்று பச்சை எழுத்தில் காட்டும்.

ஒவ்வொரு வெள்ளிக்கிழமையும் பாடசாலை விட முன் பட்டனை அமத்துவோம். பச்சை எழுத்து வரும். பென் டிரைவைக் கழற்றி அலுமாரியில் வைத்துப் பூட்டுவோம். ஒரு கிழமைகூடத் தவறவில்லை.

போன மாரியில், காற்றும் மழையுமாகக் கரண்ட் போய்ப் போய் வந்த ஒரு நாளில், அந்தக் கணினி எழும்பவில்லை. ஹார்ட் டிஸ்க் போய்விட்டது. உண்மையைச் சொன்னால் நாங்கள் பதறவே இல்லை. பென் டிரைவ் இருக்கிறதே! இன்னொரு கணினியில் எல்லாவற்றையும் போட்டுத் தயார் செய்துவிட்டு, ஏ.எல். வகுப்புப் பிள்ளைகளையும் கூப்பிட்டோம். பிரதியிலிருந்து தரவை மீள எடுப்பதை நேரில் பார்க்கட்டும், படிப்பாகவும் இருக்கும் என்று நினைத்தோம்.

பென் டிரைவைத் திறந்தோம். திகதி வாரியாக வரிசையாகப் பைல்கள். கடைசி வெள்ளிக்கிழமை வரை ஒன்றும் குறையவில்லை. முன்வரிசையில் இருந்த பிள்ளை ஒருவர்தான் முதலில் கண்டார்.

"சேர், பைல் எல்லாம் இரிக்கி. ஆனா சைஸ் எல்லாத்துக்கும் பூச்சியம் எண்டு காட்டுதே?"

"எங்க மகள்?"

"அந்தா, ஓரத்துல. பூச்சியம் கேபி."

ஒவ்வொன்றாகத் திறந்தோம். வெள்ளைத் தாள். அடுத்ததும் வெள்ளைத் தாள். பின்னோக்கிப் போய்க்கொண்டே இருந்தோம். உள்ளே எழுத்து இருந்த கடைசிப் பைல், முந்தின வருடம் முதலாம் தவணையில் எடுத்தது. அதற்குப் பிறகு நாலு தவணைப் புள்ளிகள் எங்கேயும் இல்லை. வகுப்பில் யாரும் பேசவில்லை. நாங்களும்தான்.

எழுதித் தந்த மாணவருக்கு அன்று இரவே வாட்ஸ்அப்பில் கோல் எடுத்தோம். மென்பொருளின் வரிகளைத் திரையில் காட்டக் காட்ட அவர் ஒவ்வொன்றாக விளக்கினார். குற்றம் அவருடையது என்று எங்களால் சொல்ல முடியாது. அந்த முதலாம் தவணைக்குப் பிறகு, பிள்ளைகள் விளையாட்டாகத் தரவுத்தளத்துக்குள் போகிறார்கள் என்று பாஸ்வேர்டை மாற்றியது நாங்கள். மென்பொருளின் அமைப்பில் புதியதைப் போட்டோம். பிரதி எடுக்கும் வரியில் பழைய பாஸ்வேர்ட் தனியாக எழுதப்பட்டிருந்தது எங்களுக்குத் தெரியாது. ஆகவே டம்ப் ஒவ்வொரு வெள்ளிக்கிழமையும் கதவைத் தட்டியிருக்கிறது, உள்ளே விடவில்லை, திரும்பிப் போயிருக்கிறது.

அப்படியானால் பைல் ஏன் உருவானது? இதுதான் எங்களுக்கு முதல் பாடம். > குறியைக் கண்டதும், கட்டளையை வாங்கும் ஷெல் முதலில் பைலைத் திறந்து வைத்துவிடும். அதன் பிறகுதான் புரோகிராமைக் கூப்பிடும். புரோகிராம் ஒரு சொல்லும் சொல்லாமல் செத்துப்போனாலும், திகதியும் பெயரும் போட்ட வெறும் பைல் அங்கே இருக்கும். மீன் வர முன்னமே பெட்டியில் பெயர் எழுதி வைத்தது போல.

அடுத்த கேள்வி, டம்ப் வாய் திறந்து எங்களிடம் ஏன் சொல்லவில்லை? சொல்லித்தான் இருக்கிறது. 1045 என்ற இலக்கத்தோடு, அனுமதி மறுக்கப்பட்டது என்று ஒவ்வொரு தடவையும் தெளிவாகச் சொல்லியிருக்கிறது. கட்டளைப் புரோகிராம்களுக்கு இரண்டு வாய். ஒரு வாயால் கேட்டதைக் கொடுக்கும். மற்ற வாயால் பிழையை முறையிடும். > குறி பிடிப்பது முதல் வாயை மட்டும். இரண்டாம் வாய் கறுப்புத் திரையில் முறையிட்டது. அந்தத் திரை பிள்ளைகளுக்கு இடைஞ்சல் என்று அதை மறைத்து வைக்கச் சொன்னவர்களும் நாங்கள்தான்.

இரண்டு வாய் ஏன் வந்தது என்பதற்கு ஒரு பழைய கதை உண்டு. 1970களில் அமெரிக்காவின் பெல் ஆய்வுகூடத்தில் யுனிக்ஸ் உருவான காலம். அங்கே ஒளி அச்சு இயந்திரம் ஒன்று இருந்தது. அனுப்பும் எழுத்தைப் படத்தாளில் பதிக்கும், அந்தத் தாளை இரசாயனத்தில் கழுவி எடுக்க வேண்டும். அப்போது புரோகிராம்களுக்கு ஒரு வாய்தான். ஒரு நாள் பலரும் தாளைக் கழுவி எடுத்துப் பார்த்தால், "இந்தப் பைலைத் திறக்க முடியவில்லை" என்ற ஒற்றை வரி மட்டும் அழகான அச்செழுத்தில் வந்திருந்ததாம். பிழைச் செய்தியும் அச்சுக்குப் போய்விட்டது. அதன் பிறகு ஒரு சில நாளிலேயே பிழைக்கென்று தனி வழி வைத்தார்கள் என்று அங்கே வேலை செய்த ஸ்டீபன் ஜோன்சன் சொல்லியிருக்கிறார். பிழை நல்ல தாளைக் கெடுக்கக் கூடாது என்று வைத்த வழி அது. அந்த வழியின் மறுமுனையில் யாராவது கேட்டுக்கொண்டிருக்க வேண்டும். எங்கள் பாடசாலையில் யாரும் இருக்கவில்லை.

இந்த இரண்டு வாய்க்கும் மேலே, புரோகிராம் முடியும்போது ஓர் இலக்கத்தையும் விட்டுச் செல்லும். பூச்சியம் என்றால் நல்லபடி முடிந்தது. வேறு எதுவானாலும் பிழை. எங்கள் மென்பொருள் அந்த இலக்கத்தைப் பார்க்காமலே பச்சை எழுத்தைக் காட்டியது. பரீட்சை எழுதாத பிள்ளைக்குச் சித்தி என்று போட்டுக் கொடுத்ததற்கும் இதற்கும் என்ன வித்தியாசம்?

இது நடந்து மூன்றாம் நாள் ஒரு நானா வந்தார். கடலுக்குப் போகிறவர். மகளுக்குப் படிப்பு உதவி கேட்டு விண்ணப்பிக்கிறார், கடந்த தவணைகளின் புள்ளி விபரம் பாடசாலையிலிருந்து உறுதிப்படுத்தி வேண்டும், நாலு நாளில் கொடுக்க வேண்டும். நாங்கள் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தோம். பிறகு நடந்ததைச் சொன்னோம். ஏசுவார் என்று நினைத்தோம். ஏசவில்லை. வீட்டுக்குப் போய்த் திரும்பி வந்தார். கையில் முடிச்சுப் போட்ட பொலித்தீன் பை. அதற்குள் இன்னொரு பை. அதற்குள் பிறப்பு அத்தாட்சிப் பத்திரங்கள், தடுப்பூசி அட்டைகள், மகளின் தேர்ச்சி அறிக்கைகள் முதலாம் ஆண்டிலிருந்து.

"சுனாமிக்குப் பொறகு இப்பிடித்தான் சேர் வெச்சிரிக்கம். அலுமாரிக்கு மேல. தண்ணி வந்தா முதல்ல எடுக்கிறது இத."

2004 டிசம்பர் 26 ஐ நிலாவெளிக்கு யாரும் நினைவூட்டத் தேவையில்லை. உயிர்களோடு கடதாசிகளையும் கடல் கொண்டுபோனது. அடையாள அட்டை இல்லாமல், பிறப்புப் பத்திரம் இல்லாமல், நான் இன்னார் என்று நிரூபிக்க நம் ஆட்கள் வரிசையில் நின்றதை மறக்க முடியாது. நாட்டில் 30,000 க்கும் மேற்பட்டோர் இறந்த அந்த நாட்களில், யார் காணவில்லை, யார் எந்த முகாமில் என்று பதிந்து தேட 'சஹானா' என்ற மென்பொருளை இலங்கையின் கணினி ஆட்களே கூடிக் கட்டினார்கள். லங்கா சொப்ட்வெயார் பவுண்டேசனைச் சுற்றிச் சேர்ந்த தொண்டர்கள் அவர்கள். அதுவும் நாங்கள் பாவித்த அதே மைஎஸ்கியூஎல் தரவுத்தளத்தின் மேல் நின்றதுதான். பிறகு பாகிஸ்தான் பூமியதிர்ச்சிக்கும் அது உதவியது, 2006 ஆம் ஆண்டுக்கான சுதந்திர மென்பொருள் அமைப்பின் சமூகப் பயன் விருதும் அதற்குக் கிடைத்தது. பதிவு என்பது ஒரு மனிதருக்கு எவ்வளவு பெரியது என்று கற்றுக்கொண்ட கரை இது. அந்தக் கரையில் இருந்துகொண்டு நாங்கள் வெறும் பைல்களை அலுமாரியில் பூட்டி வைத்திருந்தோம்.

அந்தப் பொலித்தீன் பையைப் பார்த்துத்தான் யோசனை வந்தது. நாங்கள் அச்சிட்டுக் கொடுத்த அறிக்கைகள் உங்கள் வீடுகளில் இருக்கின்றன. அதனால்தான் கேட்கிறோம். அந்த மகளின் கடிதத்தை அடுத்த நாளே கொடுத்துவிட்டோம். இன்னொன்றையும் சொல்ல வேண்டும். "கொப்பி தேவையில்லை" என்று நாங்கள் சொன்னதைக் கேட்காமல், ஒரு மிஸ் மட்டும் தன் வகுப்புப் புள்ளிகளைக் கையால் எழுதி வந்திருக்கிறார். பழைய காலத்து ஆள் என்று பகிடி பண்ணியிருக்கிறோம். முழுமையாக மீண்டது அவருடைய வகுப்பு மட்டும்தான். மிஸ்ஸிடம் நேரில் மன்னிப்புக் கேட்டுவிட்டோம். இங்கேயும் கேட்கிறோம்.

இனித் திருத்திய கதை. கணினி படிக்கும் பிள்ளைகளுக்கும், எங்களைப் போல அரைகுறையாகத் தெரிந்தவர்களுக்கும் இது உதவும்.

பைதனில் வெளிப் புரோகிராமைக் கூப்பிட 'சப்புரொசஸ்' என்று ஒரு வழி உண்டு. கட்டளையைத் துண்டு துண்டாகப் பட்டியலாகக் கொடுக்க வேண்டும். நாங்கள் பழைய பழக்கத்தில் > குறியையும் பைல் பெயரையும் அந்தப் பட்டியலிலேயே போட்டோம். டம்ப் சொன்ன பதில், ">" என்ற பெயரில் அட்டவணை ஒன்றும் இல்லை என்பது! பிள்ளைகள் விழுந்து விழுந்து சிரித்தார்கள். > குறி ஷெல்லின் பாஷை. நடுவில் ஷெல் இல்லாதபோது அது வெறும் எழுத்து. டம்ப் அதை அட்டவணையின் பெயர் என்று நினைத்துத் தேடியிருக்கிறது. சரியான வழி, பைலை நாமே பைதனில் திறந்து, "நீ சொல்வதையெல்லாம் இதற்குள் சொல்" என்று புரோகிராமின் முதல் வாயோடு இணைத்துக் கொடுப்பது. இரண்டாம் வாய்க்கு வேறொரு பைல்.

அடுத்த இடறல் தமிழில் வந்தது. டம்ப் சொல்வதை முதலில் எழுத்தாக வாசித்து, பிறகு பைலில் எழுதலாம் என்று பார்த்தோம். ஆங்கிலத்தில் பெயர் இருந்த சோதனைத் தரவுக்கு நன்றாக வேலை செய்தது. தமிழ்ப் பெயர் வந்ததும் நின்றுவிட்டது. காரணம் விசித்திரமானது. யூடிஎப்-8 முறையில் மெய்யெழுத்தின் மேல் வைக்கும் புள்ளி மூன்று பைற்றுகளாக எழுதப்படும்: 224, 175, 141. எங்கள் விண்டோஸ் பாவித்த மேற்கத்தேயப் பழைய எழுத்து அட்டவணையில் 5 இடங்கள் வெறுமையானவை. 141 அவற்றில் ஒன்று. மெய்யெழுத்து இல்லாத பெயர்களில் சில அலங்கோலமான எழுத்துகளாகவாவது வரும். புள்ளி வந்தால் அதோடு சரி. புள்ளிகளைக் காப்பாற்றப் போய்ப் புள்ளியிலேயே தடுக்கி விழுந்தோம். எழுத்தாக வாசிக்காமல், வரும் பைற்றுகளை வந்தபடியே பைலுக்குள் விட்டதும் பிரச்சினை தீர்ந்தது. விண்டோஸில் பவர்ஷெல் திரையில் > போட்டு எடுப்பவர்களுக்கும் ஓர் எச்சரிக்கை. விண்டோஸுடன் வரும் பழைய பவர்ஷெல் பைலை யூடிஎப்-16 ஆக மாற்றி எழுதும், பிறகு மைஎஸ்கியூஎல் அதைத் திரும்ப ஏற்றாது. டம்பிலேயே பைல் பெயரை நேரே கொடுக்க ஒரு வழி இருக்கிறது, அதைப் பாவியுங்கள்.

கரண்ட் விஷயமும் உண்டு. 2022 இல் நாளுக்கு 13 மணித்தியாலம் வரை கரண்ட் இல்லாமல் இருந்தவர்கள் நாம். திரையில் எழுதும்போது புரோகிராம்கள் வரிக்கு வரி எழுதும். பைலில் எழுதும்போது கொஞ்சம் சேர்த்து வைத்து மொத்தமாக எழுதும். நடுவில் கரண்ட் போனால் சேர்த்து வைத்தது போய்விடும், பைல் பாதியில் நிற்கும். பாதிப் பைலுக்கும் பெயர் முழுப் பெயர்தான். ஆகவே இப்போது முதலில் தற்காலிகப் பெயரில் எழுதுகிறோம். மூன்று சோதனை வைத்திருக்கிறோம். புரோகிராம் விட்டுச்சென்ற இலக்கம் பூச்சியமா? இரண்டாம் வாயின் பைலில் முறைப்பாடு ஏதும் உண்டா? பிரதியின் கடைசி வரி இருக்கிறதா? (டம்ப் வேலையை முழுதாக முடித்தால், முடித்த திகதியோடு ஒரு வரியைக் கடைசியில் எழுதும்.) மூன்றும் சரியானால்தான் பைலுக்கு உண்மைப் பெயர். இல்லாவிட்டால் சிவப்பு எழுத்தில், டம்ப் சொன்ன முறைப்பாடு அப்படியே திரையில் வரும்.

இந்த வரிகளை எழுதியவர்கள் பெரும்பாலும் பிள்ளைகள்தான். பூச்சியத்தைக் கண்டுபிடித்த அந்தப் பிள்ளை எல்லாம் முடிந்த பிறகு கேட்டார். "சேர், இதுவும் பச்சை எழுத்துத்தானே காட்டுது. இத எப்பிடி நம்புற?"

அவர் கேட்டது சரி. அதனால் நாலாவதாக ஒரு வேலை வைத்திருக்கிறோம். ஒவ்வொரு தவணை முடிவிலும் பிரதியை ஒரு பழைய லெப்டொப்பில் திரும்ப ஏற்றுவோம். யாராவது ஒரு பிள்ளையின் பெயரைச் சொல்லித் தேடி, திரையில் வரும் புள்ளியைக் கையில் இருக்கும் அறிக்கையோடு ஒப்பிடுவோம். இதை மென்பொருளிடம் விடவில்லை. மனிதர்தான் செய்ய வேண்டும். பழைய கொப்பியையும் திரும்பத் தொடங்கிவிட்டோம்.

பள்ளிவாசல் சந்தாக் கணக்கு, மீனவர் சங்கக் கணக்கு, கடைக் கடன் கணக்கு என்று ஊரில் நிறையப் பேர் கணினிக்கு மாறியிருக்கிறீர்கள். பிரதி எடுக்கிறோம் என்றும் சொல்கிறீர்கள். இன்று இரவு ஒருமுறை அந்தப் பைலைத் திறந்து பாருங்கள். சைஸைப் பாருங்கள். உள்ளே உங்கள் கணக்கு இருக்கிறதா என்று ஒரு பெயரைத் தேடிப் பாருங்கள். முடியாவிட்டால் பின்னேரம் பாடசாலைக்குக் கொண்டு வாருங்கள். எங்கள் பிள்ளைகள் பார்த்துத் தருவார்கள், காசு ஒன்றும் வேண்டாம்.

இன்னும் 23 பிள்ளைகளின் அறிக்கைகள் கிடைக்கவில்லை. சில குடும்பங்கள் புல்மோட்டைக்கும் கிண்ணியாவுக்கும் மாறிப் போய்விட்டன. தெரிந்தவர்கள் இருந்தால் இந்தப் பதிவை அனுப்பி வையுங்கள். அறிக்கையைத் தர வேண்டாம். போட்டோ எடுத்து அனுப்பினால் போதும். மூலத்தை அந்தப் பொலித்தீன் பைக்குள்ளேயே பத்திரமாக வையுங்கள்.

எங்கள் கவனக்குறைவால் அலைய வேண்டி வந்த எல்லாப் பெற்றோரிடமும் மன்னிப்புக் கேட்கிறோம்.

வஸ்ஸலாம்.